ரெண்டாவது போன் வராத வார்டு

அந்தச் சேர்ல உக்காராதீங்க அம்மணி, கால் ஆடும். இப்படிக் கட்டில்ல உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா? வேண்டாமா? செரி, உங்க இஷ்டம். கொழந்தைக ஆபீசுல இருந்து வெயில்ல வந்திருக்கீங்க, மயக்கம் கியக்கம் வந்துச்சுன்னா அதுக்கும் இந்தச் சம்பூர்ணம்தான் பதில் சொல்லோணும். எல்லாத்துக்கும் நாந்தானே பதில் சொல்லீட்டு இருக்கறேன்.

மறுக்காச் சொல்லுங்க. சுபி எங்க இருக்கா? பெரியாஸ்பத்திரியிலயா? கை முறிஞ்சிருக்கா? ஐயோ சாமி. எந்தக் கைங்க? சோத்துக் கையா? அடக் கெரகமே.

மாடிப்படியில உழுந்துட்டான்னு அப்பன் சொல்றானாக்கும். அவ ஆமாங்கவும் மாட்டீங்கறா, இல்லைங்கவும் மாட்டீங்கறா. சாயங்காலம் குழந்தைகள் நலக் கமிட்டி அம்மா வந்து கேக்கறப்பவும் இப்படியே வாய மூடீட்டு இருந்தான்னா அப்பங்கூடவே வூட்டுக்கு அனுப்பிருவாங்க. அதானே சொல்றீங்க? புரியுது. நான் ஒண்ணும் படிக்காதவ இல்லீங்க, அந்தக் காலத்து எஸ்எஸ்எல்சி.

ஆனா அதுக்கு எதுக்கு எங்கிட்ட வந்தீங்கன்னுதான் எனக்குப் புரியல. 'ஓனரம்மாகிட்டக் கேளுங்க'ன்னு அவ சொன்னாளா? அதை மட்டும் சொல்லீட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாளா? நல்லா இருக்குது போங்க. எங்க லைன் வூட்டுல குடியிருந்தாங்க, வாஸ்தவம்தான். காலி பண்ணிப் போயி அஞ்சாறு மாசம் ஆச்சு. இப்ப அவிய எந்தத் தெருவுல இருக்காங்கன்னுகூட எனக்குத் தெரியாது. எங்கிட்ட என்னத்தக் கேக்கறதாம்?

நீங்க சந்தேகத்தோட பாக்கறீங்க. பார்வையே சொல்லுதே. அம்மணி, மொதல்ல அந்த டிவிக்கு மேல பாருங்க. கேடயம். அதுல என்ன போட்டிருக்குது, படிங்க. 'மறுபுகார் இல்லாத வார்டு.' சும்மா குடுத்துருவாங்களா? மண்டபத்துல மேடை போட்டு, பொன்னாடை போத்தி, என்ற பேரை மைக்குல கூப்புட்டுக் குடுத்தாங்க. வார்டு குழந்தைகள் பாதுகாப்புக் குழு உறுப்பினர் திருமதி சம்பூர்ணம் அவர்கள்னு. என்ற மகன் வீடியோ எடுத்து வெச்சிருக்கறான், வேணும்னா காட்டச் சொல்றேன்.

எதுக்குக் குடுத்தாங்கன்னு கேளுங்க. ஒரு புள்ளைய அடிக்கறாங்க, சோறு போடாம வெச்சிருக்கறாங்கன்னு போன் வருது. வரட்டும். எந்த ஊருலதான் வரல? அதைக் குழு போயி விசாரிச்சுச் செரி பண்ணோணும். பண்ணுனமா இல்லையான்னு எப்படித் தெரியும்? அதே புள்ளைக்கு ஒரு வருசத்துக்குள்ள ரெண்டாவது போன் வந்துச்சுன்னா நம்ம வேலை செரியில்லைன்னு அர்த்தம். வரலைன்னா செரியாயிருச்சுன்னு அர்த்தம். ஆபீசுல வெச்சிருக்கற கணக்கு அதுதானுங்க. எங்க வார்டுல ரெண்டாவது போனே கிடையாது. ஒண்ணுகூட.

பக்கத்து வார்டு இருக்குதே, அங்க ராசாமணி டீச்சருன்னு ஒரு அம்மா. பெரிய படிப்பு. அவிய வார்டுல ரெண்டாவது போன், மூணாவது போன், ஒரே புள்ளையே நாலாவது வாட்டியும் கூப்புட்டுச்சாம். மேடையிலயே அந்த அம்மாவைக் கேட்டுட்டாங்க, என்னங்க டீச்சர், உங்க பக்கம் போன் ஓயவே மாட்டீங்குதுன்னு. எனக்கே பாவமா இருந்துச்சு. ஆனா அந்த அம்மா பண்றதும் தப்புத்தானுங்க. 'மறுபடி அடிச்சா மறுபடி கூப்புடு கண்ணு, எத்தனை வாட்டி வேணும்னாலும் கூப்புடு'ன்னு புள்ளைககிட்டச் சொல்லி வெச்சிருக்குது. அப்படிச் சொன்னா அப்பறம் எங்க கொறையும்?

இருங்க, சொல்றேன். சுபி விசயத்துக்குத்தான் வர்றேன். நீங்க கெடியாரத்தையே பாக்காதீங்க.

செல்லப்பாண்டி குடும்பம் தெக்கத்திப் பக்கமிருந்து வந்தாங்க. அவன் பனியன் கம்பெனியில டைலரு. நல்ல வேலைக்காரன், பொய் சொல்லக் கூடாது. பொண்டாட்டிக்குத் தைச்ச துணியப் பார்த்து உடற செக்கிங் வேலை. அவ வர ராத்திரி ஆயிரும். சுபிக்கு ஒம்பது வயசு இருக்கும், இடுப்புல ஒரு கைக்கொழந்தை, அவ தங்கச்சி. எப்பப் பார்த்தாலும் இடுப்புலதான். ஸ்கூல் உட்டு வந்தான்னா, பால்வாடியில இருந்து பாப்பாவத் தூக்கீட்டு வந்து, அதுக்கு ஊட்டி, துணி அலசி, சோறாக்கி... நான் பார்த்துப் பார்த்து மெச்சிக்குவேன். என்ற மருமகளுக்குக்கூட அந்தச் சூட்டிகை வராது.

அவன் சாயங்காலம் குடிச்சுட்டு வருவான். பாப்பா அழுதா இவளுக்கு அடி உழுகும். சத்தம் கேட்குமுங்க, கேக்காம என்ன? நடுவுல ஒரு செவுருதானே. நான் டிவி சத்தத்தை எச்சா வெச்சுக்குவேன். அடுத்தவங்க வூட்டு விசயத்துக்குக் காது குடுக்கறது எனக்குச் சுத்தமாப் புடிக்காதுங்க.

இப்படி இருக்கறப்ப ஸ்கூல்ல ஆரோ வந்து, உங்களை ஆராச்சும் அடிச்சா இந்த நம்பருக்குக் கூப்புடுங்கன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. இவ என்ன பண்ணியிருக்கா தெரியுங்களா? கடேசி வூட்டுல ஒரு வடக்கத்திப் பொண்ணு குடியிருந்துச்சு. அதுக்குத் தமிழ் ஒரு சொல்லுத் தெரியாது. அதுகிட்டப் போயி கையைக் காட்டிப் போனை வாங்கி, அது முன்னாடியே நின்னு பேசியிருக்கறா. அந்தப் பொண்ணும் இவ மாமங்கிட்டப் பேசறாளாட்டம் இருக்குதுன்னு நெனச்சு சிரிச்சுக்கிட்டே நின்னிருக்குது. எப்படி வெவரம் பாருங்க! புரியாதவகிட்டத்தான் போன் வாங்கோணும்னு தெரிஞ்சிருக்குது அவளுக்கு.

அடுத்த நாள் ஜீப்பு வந்துருச்சு. காம்பவுண்டுக்குள்ள ஜீப்பு! எனக்கு எப்படி இருக்கும்? ரெண்டு பேர் எறங்கி விசாரிச்சாங்க. அவன் காலுல உழுகாத கொறையா அழுதான். நல்ல சம்பாத்தியம், புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பறான், அதனால எச்சரிக்கை பண்ணிட்டு, இனிமே வார்டுக் குழு கவனிச்சுக்கட்டும்னு எங்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போனாங்க. அந்த ஆபீசரு என்னைப் பார்த்து, 'மறுபடி வராமப் பாத்துக்கங்கம்மா'ன்னாரு. பாத்துக்கறேன்னேன். சொன்னதைச் செஞ்சனா இல்லையா?

எப்படியா? அதைத்தான் கேக்கறாங்க எல்லாரும். மேடையிலயும் கேட்டாங்க. பேசித் தீர்த்தேன்னு சொல்லி வெச்சேன். உங்களுக்கு வேணும்னா வெவரமாச் சொல்றேன். எங்க மாமனாரு ஊருல பஞ்சாயத்துப் பேசுனவரு. வரப்புத் தகராறு, தண்ணித் தகராறு, அண்ணந்தம்பிச் சண்டை, எதுன்னாலும் கடேசியில கற்பூரம்தான். சாமி முன்னால கொளுத்தி வெச்சு, உள்ளங்கையில அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டாங்கன்னா அதோட முடிஞ்சுது. போலீசு, கோர்ட்டு ஒண்ணும் வேண்டாம். அதையேதான் நானும் பண்ணுனேன்.

அதா, குழாய்க்குப் பக்கத்துல வேப்பமரம் தெரியுதா? அதுக்கடியில கருப்பராயன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோட வரச் சொன்னேன். அவனைக் குளிச்சுட்டு வரச் சொன்னேன். கற்பூரம் கொளுத்தி வெச்சு, 'இனிமே புள்ள மேல கைய வெக்க மாட்டேன்னு அடிடா'ன்னேன். பளிச்சுன்னு அடிச்சான். அடிச்சுட்டு அழுதான். அவன் பொண்டாட்டியும் அழுதா. எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அப்பறம் சுபியைக் கிட்டத்துல கூப்புட்டேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? ரெண்டு பக்கமும் சத்தியம் வாங்கறதுதானுங்க மொற. ஒரு பக்கம் மட்டும் வாங்குனா அது பஞ்சாயத்தே இல்ல, தண்டனை. அவனுக்கு, என்னை மட்டும் தலை குனிய வெச்சுட்டாங்களேன்னு ரோசம் வந்துரும். அந்த ரோசத்தை அப்பறம் புள்ளகிட்டத்தானே காட்டுவான்? நான் எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணுனேன். வேற கற்பூரம் கொளுத்துனேன். 'கண்ணு, உங்கப்பன் சத்தியம் பண்ணிட்டான். நீயும் பண்ணு. வூட்டு விசயத்தை வெளிய ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன், போன் பண்ண மாட்டேன்னு அடி'ன்னேன்.

புள்ள நெருப்பையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. 'சுடுமா ஓனரம்மா?'ன்னு கேட்டுச்சு. 'மனசுல உண்மை இருந்தா சுடாது'ன்னேன். அடிச்சுச்சு. சின்னக் கைதானே, ஒரே அடியில அணையல. மறுபடியும் அடிச்சுச்சு. கொஞ்சம் செவந்து போச்சு, அவ்வளவுதான். அழுகல. பாப்பா தலைமேல கைய வெச்சு இன்னொரு வாட்டி சொல்லச் சொன்னேன். அதையும் சொல்லுச்சு. மீறுனா பாப்பாவுக்கு ஆகாதுன்னு... அது வழக்கமாச் சொல்றதுதானுங்க, பெரியவங்களுக்கும் அப்படித்தான் சொல்லுவோம். திருநீறு பூசி உட்டு, ஆளுக்கொரு பழம் குடுத்தேன்.

அன்னைக்கோட செரி. போன் வரல.

ஆபீசுல இருந்து மாசாமாசம் கூப்புடுவாங்க. 'அம்மா, அந்தக் கேசுல மறுபடி ஏதாச்சும்?' 'ஒண்ணுமில்லீங்க.' 'நன்றிம்மா.' அவ்வளவுதான் பேச்சு.

புள்ளையப் பார்த்தனான்னா? என்ன கேள்வி கேக்கறீங்க? தெனமும் பார்த்தேன். சாயங்காலமானா பாப்பாவத் தூக்கிக்கிட்டு எங்க வூட்டுக்குத்தான் வந்துரும். இந்தா, நீங்க உக்காந்திருக்கற கட்டிலுக்குக் கீழ உக்காந்து டிவி பார்க்கும். டிவியப் பார்க்கறாளா, வாசலப் பார்க்கறாளான்னே தெரியாது. அப்பன் வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிச் செவுரோரமாப் போயிக்கும். நாந்தான், 'பொழுதோட வூட்டுக்குப் போ கண்ணு, பொம்பளப் புள்ளைக்கு நேரங்காலம் வேணும்'னு சொல்லிச் சொல்லி அனுப்பி உடுவேன். ஒரு நாள் எந்திரிக்கவே மாட்டேன்னு அடம் புடிச்சுச்சு. 'சீரியல் முடியட்டும் ஓனரம்மா'ங்குது. அது முடிஞ்சு விளம்பரமே வந்துருச்சு. கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி அவன்கிட்டயே உட்டுட்டு வந்தேன்.

ஆமாங்க, நானேதான் உட்டுட்டு வந்தேன். பக்கத்து வூடுதானே.

சத்தம் கேட்டுச்சான்னா... நாந்தான் சொன்னனே, டிவி ஓடும். அவன் சத்தியம் பண்ணுனவன். சத்தியம் பண்ணுனவன் வூட்டுல போயி ஒட்டுக் கேக்க முடியுமா? பாத்திரம் உழுகற சத்தம் எல்லா வூட்டுலயுந்தான் கேக்கும். பொறகு மத்த குடித்தனக்காரங்க வந்து, ராத்திரியில தூங்க முடியல ஓனரம்மான்னாங்க. எனக்கு எல்லாரையும் பார்க்கோணுமில்ல? வேற வூடு பார்த்துக்கப்பான்னு சொல்லீட்டேன். காலி பண்ணிட்டாங்க. ஆபீசுல சொன்னேன், குடும்பம் வார்டை உட்டே போயிருச்சுங்கன்னு. செரிங்கம்மா, அப்ப உங்க கேசு முடிஞ்சுதுன்னாங்க. அடுத்த ரெண்டாம் மாசம் கேடயம்.

இப்ப ஆபீசுக்குப் புதுசா வந்த நீங்க, நாங்க போனை எண்ணறதில்லைங்கறீங்க. கேசு முடிஞ்ச புள்ளைகளை ஒவ்வொண்ணாத் தேடிப் போயிப் பார்க்கறோம், அப்படித் தேடிப் போனப்பத்தான் சுபி ஆஸ்பத்திரியில இருக்கறது தெரிஞ்சுதுங்கறீங்க. நல்ல காரியம்தான், வேண்டாங்கல. ஆனா அதுக்காக என்ற மேல பழியப் போடாதீங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்? ஒரு பைசா வாங்குனனா? என்ற சொந்த வேலைய உட்டுட்டு, என்ற கைக்காசுல பழம் வாங்கி, ஒரு குடும்பம் சிதறிப் போகாமச் சேர்த்து வெச்சனே!

என்னுங்க? இல்ல, சொல்லுங்க, என்னமோ சொல்ல வந்தீங்க.

...

அந்தச் சத்தியத்தாலயா? அதனாலதான் வாயத் தொறக்க மாட்டீங்கறாங்கறீங்களா?

அட, அது சின்னப் புள்ளைங்க. அது ஒரு வருசத்துக்கு முந்தின சமாச்சாரம். இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கும்? நானே மறந்துட்டேன், நீங்க கேட்டதுனால சொல்லீட்டு இருக்கறேன்.

செரி, போனைப் போடுங்க. போடுங்கறேன். நானே கேக்கறேன். நர்சம்மாகிட்டச் சொல்லி அவ காதுல வெக்கச் சொல்லுங்க. சித்த இருங்க, இந்த டிவிய நிறுத்தீட்டு வர்றேன்.

ஹலோ? சுபியா? கண்ணு, நாந்தான் ஓனரம்மா. எப்படிச் சாமி இருக்கற? வலிக்குதா? ...ஆமா கண்ணு, இங்கதான் அந்த அக்கா உக்காந்திருக்குது. நல்ல அக்காதான். சுபி, இங்க பாரு, சாயங்காலம் ஒரு அம்மா வந்து கேக்கும். என்ன நடந்துச்சோ அதை அப்படியே சொல்லீரு. ஒண்ணும் பயப்படாத. ...சொல்லலாம் கண்ணு. நாந்தானே சத்தியம் வாங்குனேன், நானே சொல்றேன், நீ சொல்லலாம். ...என்னது? சத்தமாப் பேசு சாமி, கேக்கல.

...

இல்ல கண்ணு, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. ...எப்ப? ...ஆருகிட்டச் சொன்ன? டீச்சர்கிட்டயா? பாதிதான் சொன்னியா? ...அது சும்மா வர்ற காய்ச்சல் சாமி. எல்லாக் கொழந்தைக்கும் வரும். நீ சொன்னதுனால வரல. அழுகாத. ...ஐயோ, அழுகாத கண்ணு, கை அசங்கும்...

...

இந்தாங்க அம்மணி, போனைப் புடிங்க. என்னால முடியல.

ஒரு வாட்டி புது ஸ்கூல் டீச்சர்கிட்டப் பாதி சொல்லியிருக்கறா. அன்னைக்கு ராத்திரியே பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப் போட்டிருக்குது. அதுக்கப்பறம் வாயே தொறக்கலையாம். அதுக்கப்பறம் எத்தனை அடி உழுந்துச்சோ, அத்தனையும் வாங்கீட்டு இருந்திருக்கறா. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு.

நான் சொல்றேன், சத்தியத்தை எடுத்துட்டேன்னு சொல்றேன். அதுக்கு அவ என்ன கேக்கறா தெரியுங்களா? 'கற்பூரம் கொளுத்தாமச் சொன்னா அது செல்லுமா ஓனரம்மா?' அந்தக் கையால ஆகாதாம், அதுல மாவுக்கட்டுப் போட்டிருக்காங்களாம், இன்னொரு கையால அடிச்சா ஆகுமான்னு கேக்கறா.

அந்தச் செம்பை எடுங்க, ஒரு வாய் தண்ணி.

செரி, எந்திரிங்க. வண்டி வெச்சிருக்கீங்களா? பின்னால உக்காந்துக்குவேன், பயப்படாதீங்க. சாமி மாடத்துல கற்பூரப் பொட்டி இருக்குது, எடுத்துக்கறேன். ஆஸ்பத்திரிக்குள்ள கொளுத்த உடமாட்டாங்களா? வெளிய மரத்தடி இல்லாமயா போயிரும்? தள்ளு வண்டிச் சேர்ல சுபியை உக்கார வெச்சுக் கூட்டீட்டு வரச் சொல்லுங்க. பாப்பாவையும் ஆராச்சும் தூக்கீட்டு வரோணும். அவ தலைமேல வெச்சுச் சொன்னதை அவ தலைமேல வெச்சுத்தான் எடுக்கோணும், இல்லாட்டி அந்தப் புள்ள நம்பாது. கமிட்டி அம்மாவைச் சித்த நேரம் இருக்கச் சொல்லுங்க, கால்ல உழுந்தாவது இருக்கச் சொல்லுங்க.

அம்மணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அவ வாயத் தொறந்து சொல்லீட்டான்னா அது ரெண்டாவது புகாருன்னு எழுதுவீங்களா? அவிய இப்ப இருக்கறது வேற வார்டு... செரி செரி, உடுங்க. என்னமோ வாயில வந்துருச்சு. எழுதிக்கங்க.

கதவைச் சாத்தீட்டு வர்றேன். நீங்க வண்டிய எடுங்க.

சித்த நில்லுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் புரியலைங்க. அவ அப்பனும் அதே எடத்துல, இதே பொட்டிக் கற்பூரத்துலதான் அடிச்சான். அவ, புள்ள, சத்தியத்தை எடுத்து உடுங்கன்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுக் கேக்கறா. அவன் ஒரு நாளாச்சும் எங்கிட்ட வந்து கேக்கவே இல்லையே அம்மணி.